இரவானால் நெட் நகர்வதில்லை; கம்பெனி மாறினால் கட்டிய பணம் போய்விடுமா?

கேள்வி: காட்பாடி காந்திநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தெரு கேபிள்காரர் மூலம் ஒரு பெரிய கம்பெனியின் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். 100 எம்பிபிஎஸ் என்று சொல்லி ஆறு மாதத்துக்கு 4,200 ரூபாயும், பெட்டிக்கு டெபாசிட் 1,500 ரூபாயும் வாங்கினார்கள். இரண்டு மாதம்தான் ஆகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஏழு, எட்டு எம்பிபிஎஸ்கூட வருவதில்லை. நான் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன். வேலை தடைபட்டதால் போன மாதம் சம்பளத்தில் பிடித்தம். கேபிள்காரருக்குப் பத்து முறையாவது போன் செய்திருப்பேன். வேறு கம்பெனிக்கு மாறுகிறேன் என்றால், "கட்டிய பணம் திரும்ப வராது, ஒரு வருஷம் முடியாமல் டெபாசிட்டும் கிடையாது" என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, காட்பாடி.

பதில்: சகோதரி, நீங்கள் தாராளமாக மாறலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செல்போன் எண்ணைப் போல வீட்டு பிராட்பேண்டை 'போர்ட்' செய்யும் முறை கிடையாது. பழையதை மூடிவிட்டுப் புதியது எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கே கோபத்தில் பெட்டியைக் கழற்றிக் கேபிள்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். இணைப்பு போன பிறகு வேகம் குறைவாக இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சாது. என்னிடம் வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் ஆதாரம். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேரடியாக வயர் போட்டு, ஒரு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் வேண்டும். வைஃபையில் எடுத்தால் "உங்கள் வீட்டுச் சுவர், உங்கள் போன்" என்று தட்டிக்கழிப்பார்கள். காலையிலும் ஏன் எடுக்கச் சொல்கிறேன்? ஒரே ஃபைபர் இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். காலையில் 90 வந்து இரவில் 7 வந்தால் வயரிலோ பெட்டியிலோ கோளாறு இல்லை, தாங்காத அளவுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் வலுவாக வாதிடலாம். நாள் முழுக்க 7 என்றால் அது வேறு கதை, டெக்னீஷியன் வந்தாலே சரியாகலாம். உங்கள் ப்ளானில் மாத டேட்டா வரம்பு தாண்டினால் வேகம் குறையும் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும்.

அப்புறம் புகார். நீங்கள் கேபிள்காரருக்குச் செய்த பத்து போனும் சட்டத்தின் பார்வையில் புகார் ஆகாது. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை அதுதான். கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தை அழையுங்கள், அல்லது ஆப்பில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். தொலைத்தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ட்ராய் 2012இல் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிமுறைப்படி அந்த எண்ணைத் தருவது அவர்கள் கடமை. தீர்வு வராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை. அவர்கள் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை ட்ராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் டெல்லிக்கு மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

இந்தப் புகார் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இணைப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் வேலை அதை நம்பி இருக்கிறது. எடுக்குமுன் அந்தப் புதிய கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்த முறை ஆறு மாதம் மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதக் கட்டணமே போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(47), குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் காலம் சொல்லியிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். அதனால் 'பணம் திரும்ப வராது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். "100 எம்பிபிஎஸ் வரை என்றுதானே போட்டோம்" என்று வாதாடுவார்கள். இரவுக்கு இரவு பத்தில் ஒரு பங்குகூடத் தராமல் 'வரை' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. டெபாசிட்டை, இணைப்பை மூடிய 45 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது ட்ராயின் 2024 தர விதிமுறை. 'ஒரு வருஷம்' என்ற பேச்சை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மூடும் கடிதத்தை கம்பெனிக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். காரணமாக 'வேகக் குறைவு' என்று எழுதி, புகார் எண்ணையும் சேர்க்க வேண்டும். 'சொந்தக் காரணம்' என்று ஒரு வார்த்தை எழுதினால்கூட அதையே பிடித்துக்கொள்வார்கள். பெட்டியைக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணோடு கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் ஆட்டோபே போட்டிருந்தால் அன்றே ரத்து செய்துவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல சமயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இல்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமையிடம் மும்பையோ டெல்லியோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொலைத்தொடர்புப் புகாரை இந்த ஆணையங்கள் விசாரிக்க முடியாது என்று கம்பெனிகள் நெடுநாள் சொல்லிவந்தன. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

மனுவில் ஒன்றைக் கவனமாக எழுதுங்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை எடுத்தவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று பிரிவு 2(7) சொல்வதால், "இவர் வேலைக்கு எடுத்தார்" என்று கிளப்புவார்கள். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், இது குடும்பத்துக்காக எடுத்த வீட்டு இணைப்பு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சம்பளப் பிடித்தத்தைக் கேட்பதென்றால் சம்பளச் சீட்டும், இணைய வேகத்தால்தான் பிடித்தோம் என்று உங்கள் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலும் வேண்டும். அந்த மின்னஞ்சல் இல்லாமல் அந்தத் தொகை கிடைப்பது கடினம். மீதி நான்கு மாதக் கட்டணம் 2,800 ரூபாயையும் டெபாசிட்டையும் கேட்க உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. மன உளைச்சலுக்கான இழப்பீடும் செலவுத்தொகையும் சேர்த்தே கேளுங்கள், எவ்வளவு என்பதை ஆணையம் முடிவு செய்யும்.