எடிட் ஓரிடம், கலர் வேறிடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, முல்லைத்தீவுக் கரைவலைத் தொழிலாளிகளைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் ஒன்றை பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்து முடித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில் கலர் (நிறத் திருத்தம்) செய்து தருகிறேன் என்றார். எக்ஸ்எம்எல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திறந்தால் எல்லாக் கிளிப்பும் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கிறதாம். எங்கே பிழை விட்டேன்?
(ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியது சாமான் துண்டு மட்டும்தான், சாமான் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது. எக்ஸ்எம்எல்லுக்குள் படம் ஒரு துளியும் கிடையாது. எந்தக் கோப்பு, அதில் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடி வரை, டைம்லைனில் எந்த இடத்தில் வருகிறது என்ற கணக்கு மட்டும்தான் அதில் எழுதியிருக்கும். அந்தக் கோப்புகள் நண்பரின் கணினியில் இல்லாதபோது ரிசால்வ் எதைக் காட்டும்?

ஆகவே மூலக் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், போன் டேட்டாவில் ஏற்ற நினைத்து இரண்டு நாளை வீணாக்க வேண்டாம். பிரீமியரில் 'ப்ராஜெக்ட் மேனேஜர்' இருக்கிறது, படத்தில் பயன்பட்ட கோப்புகளை மட்டும் ஒரு ஃபோல்டரில் சேர்த்துத் தரும். உங்கள் கணினியில் 'இ' டிரைவாக இருந்தது அங்கே 'எஃப்' ஆகத் தெரியலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை, ரிசால்வில் 'ரீலிங்க்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயரை மட்டும் நடுவில் மாற்றிவிடாதீர்கள். ப்ராக்ஸி எனும் சிறிய பிரதிக் கோப்புகளை வைத்து எடிட் செய்திருந்தால் மூலக் கோப்புகள்தான் போகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

பிரீமியர் மெனுவில் 'ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல்' என்று இருப்பதைப் பார்த்து, என்னிடம் ஆப்பிள் கணினி இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். அது பழைய ஃபைனல் கட் 7இன் வடிவம். ஆப்பிள் 2011இல் அந்த மென்பொருளை விட்டுவிட்டது, ஆனால் பிரீமியரும் ரிசால்வும் இன்றைக்கும் அதில் பேசிக்கொள்கின்றன. அதையே எடுங்கள்.

அனுப்புவதற்கு முன் சீக்குவென்ஸை, அதாவது எடிட் செய்த டைம்லைனை, பிரதி எடுத்து, அந்தப் பிரதியைச் சுத்தம் செய்யுங்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நெஸ்ட் செய்தவற்றை, அதாவது ஒன்றாகப் பொதிந்த கிளிப்புகளைப் பிரித்து, மல்டிகேமை (பல கேமரா ஷாட்களை ஒன்றாகக் கோத்ததை) ஃபிளாட்டன் செய்து, நான்கைந்து டிராக்கில் சிதறிக் கிடக்கும் ஷாட்களை முடிந்தவரை ஒன்றிரண்டு டிராக்குக்கு இறக்குங்கள். லூமெட்ரி கலர் (பிரீமியரின் நிறக் கருவி), வார்ப் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைப்பது), டைட்டில் இவை ஒழுங்காகப் போய்ச் சேராது, எடுத்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்த ஷாட்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எச்டி டைம்லைனில் 4கே கிளிப்பைச் சிறிதாக்கியிருந்தால் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' பயன்படுத்த வேண்டாம், 'செட் டு ஃபிரேம் சைஸ்' கொடுங்கள், இரண்டாவதுதான் அளவை ஒரு எண்ணாக எழுதி வைக்கும், அதனால் அந்தப் பக்கமும் வாசிக்க முடியும்.

இன்னும் ஒன்று, என்னைக் கேட்டால் எக்ஸ்எம்எல்லை விட இதுதான் முக்கியம். முழுப் படத்தையும் டைம்கோட் (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் எண்) தெரிகிற மாதிரி சாதாரண எம்பி4 ஆக எடுத்துக் கூடவே அனுப்புங்கள். நண்பர் அதை 'ஆஃப்லைன் ரெஃபரன்ஸ்' ஆக வைத்து உங்கள் வெட்டையும் தன் டைம்லைனையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கலரில் கை வைக்க வேண்டும். ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போது 12 நிமிடத்தையும் ஒரே கோப்பாக டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் கேளுங்கள், எச்டியில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 16 ஜிபி அளவில் வரும். அதைப் பிரீமியரில் வைத்து மேலே டைட்டிலைப் போட்டு ஒலியைச் சேர்த்துவிடலாம். கலருக்குப் போன பிறகு வெட்டை மாற்றுவதில்லை என்று இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மாற்றம் வரும் என்று தெரிந்தால் மட்டும் தனித்தனிக் கிளிப்பாக, முன்னும் பின்னும் ஒரு நொடி கூடுதலாக வைத்து ரெண்டர் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சாமத்திய வீட்டு வீடியோ. இரண்டு கேமரா, ஒரு போன். ரிசால்வுக்குக் கொண்டுபோனால் போன் ஷாட்கள் நகர்ந்து நிற்கின்றன, சில இடத்தில் வேறு ஷாட்டே வருகிறது.
(ஒரு வாசகி, கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, இது இரண்டு வேறு நோய். போன் ஒரே சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு 30 ஃபிரேம் என்பது 28 ஆகும், 29 ஆகும். அதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக எண்ணுவதால் ஷாட் நகர்கிறது. எடிட் தொடங்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' கொடுத்து மாற்றிவிடுங்கள். ரிசால்வில் புது ப்ராஜெக்ட் திறந்ததும் முதல் வேலையாக ஃபிரேம் ரேட்டைச் சரி பாருங்கள், கிளிப்புகள் உள்ளே வந்த பிறகு அதை மாற்ற விடாது.

வேறு ஷாட் வருவதற்குக் காரணம் பெயர். இரண்டு கேமராவும் ஒரே கம்பனியாக இருந்தால் இரண்டிலும் சி0001, சி0002 என்பது போல ஒரே பெயரில் கோப்புகள் இருக்கலாம். எனக்கு வவுனியாவில் ஒரு வீட்டு வீடியோவில் இது நடந்தது. பிள்ளைக்கு அம்மம்மா ஆரத்தி எடுக்கிற இடத்தில் சமையல் கொட்டிலின் ஷாட் வந்து உட்கார்ந்திருந்தது, அம்மம்மா அந்த வீடியோவில் அதிகம் இல்லாதவர், அந்த ஒரு ஷாட்தான். ரெஃபரன்ஸ் வீடியோவோடு ஒப்பிட்டதால் கொடுப்பதற்கு முன் கண்டுபிடித்தேன். அன்று முதல் கார்டை இறக்கும்போதே, எடிட்டில் கை வைக்கும் முன், 'ஏ', 'பி' என்று கோப்பின் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுகிறேன். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது.

இந்த வீடியோவை ஏற்கெனவே வெட்டி முடித்துவிட்டீர்கள் அல்லவா, திரும்பத் தொடங்க வேண்டாம். டைட்டிலை அணைத்து, முழுவதையும் ஒரே டிஎன்எக்ஸ்எச்ஆர் கோப்பாக எடுத்து, ரிசால்வில் 'சீன் கட் டிடெக்ஷன்' கொடுங்கள், வெட்டுகளை அதுவே கண்டுபிடித்துப் பிரித்துத் தரும். ஒரு படம் இன்னொன்றில் கரைகிற இடங்களில் மட்டும் தடுமாறும், அவற்றைக் கையால் பாருங்கள். விசேஷ வீடியோக்களுக்கு இந்த வழியே போதும் என்பது என் முடிவு.

கேள்வி: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை இரவில் எடுத்தேன். கலர் செய்ய ரிசால்வின் இலவசப் பதிப்பு காணுமா?
(ஒரு வாசகர், முள்ளியவளை)

பதில்: காணும். நோட் (ஒவ்வொரு திருத்தத்தையும் தனியாக வைக்கும் கட்டம்), பவர் விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிடிப்பது), டிராக்கர் (அந்தப் பகுதி நகர்வதைப் பின்தொடர்வது) எல்லாம் அதிலேயே இருக்கின்றன, 3840க்கு 2160 அளவு வரை வீடியோவை வெளியேயும் எடுக்கலாம். இருட்டில் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸை நீக்கும் வசதி மட்டும் காசு கொடுக்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான். அடுத்த வைகாசிக்கு ஷட்டரை 50இல் ஒன்றில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடை விளக்குகள் துடிக்காது, ஐஎஸ்ஓவையும் அவ்வளவு ஏற்றத் தேவை வராது.