நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதால் உண்மையில் என்ன பயன்?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதைத் தாண்டி இதில் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய நடக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த ஒரு குழுவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பெரியம்மை. அதை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958-இல் உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது சோவியத் யூனியன். 1967-இல் முடுக்கிவிடப்பட்ட திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டொனால்ட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று குறிவைத்து அணு ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படியும் சோவியத் தரப்பு இலவசமாகக் கொடுத்த தடுப்பூசி நூறு கோடி டோஸைத் தாண்டும். 1977-இல் சோமாலியாவோடு இயற்கையான தொற்று நின்றது. 1980-இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். எவ்வளவு பணக்கார நாடாக இருந்தாலும் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நோய் இருக்கும்வரை இந்தப் பக்கமும் ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்? எங்கள் குழு ஆற்று நீர்மட்ட அளவீடுகளைப் பல நாடுகளிலிருந்து வாங்கி ஒன்றுசேர்த்தது. ஒரு கோப்பில் வெள்ளம் வரவே வாய்ப்பில்லாத மாதத்தில் வெள்ளம் காட்டியது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள், நாங்கள் நாளை முன்னால் எழுதுகிறோம். 03/04 என்றால் அவர்களுக்கு மார்ச் 4, எங்களுக்கு ஏப்ரல் 3. 12-க்கு மேற்பட்ட நாட்களைக் கணினி பிழை என்று ஒதுக்கிவிட்டது. மற்றவை சத்தமில்லாமல் தப்பான மாதத்தில் போய் உட்கார்ந்திருந்தன. அந்த ஊரில் கருவியைக் கவனித்துக்கொள்பவரிடம் நேரில் பேசிய பிறகுதான் இது பிடிபட்டது. மின்னஞ்சலில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.

அதனால்தான் ஒத்துழைப்பு என்றால் எனக்கு முதலில் ஆட்கள் போய்வருவதுதான். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் வெளிநாட்டுப் படிப்பை முடித்து 1951-இல் லாகூருக்குத் திரும்பியபோது, தன் துறையில் பேச ஆளில்லாமல் தனித்துப் போனார். மூன்றே ஆண்டுகளில் மறுபடி வெளிநாடு போக வேண்டியிருந்தது. நாட்டையும் விடாமல் ஆராய்ச்சியையும் விடாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். வளரும் நாட்டு ஆய்வாளர்கள் அங்கே வந்து கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கே திரும்பலாம். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஜோர்டானில் செசமி என்று ஓர் ஒளிமூல ஆய்வுக்கூடம், அதாவது மிக வலுவான ஒளிக்கற்றைகளை உண்டாக்கிப் பொருள்களின் நுண்ணமைப்பை ஆராயும் கூடம், 2017-இல் திறக்கப்பட்டது. அந்த ஒளிக்காக எலக்ட்ரான்களை வேகமாக ஓடவைக்கும் கருவிதான் முடுக்கி; பெர்லினில் கழற்றப்பட்ட ஒரு பழைய முடுக்கியின் பாகங்களைக் கொடையாகப் பெற்றுத்தான் அந்தத் திட்டமே ஆரம்பித்தது. ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான் எல்லாம் அதில் உறுப்பினர்களாகச் சேர்ந்தவை. தூதரக உறவுகூட இல்லாத நாடுகளை அங்கே ஒரே மேசையில் உட்கார வைத்தது அந்தக் கருவியின் தேவை. தனித்தனியாக வாங்க அவர்களால் முடியாது.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. எங்கள் குழுவில் ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரையை ஒரு மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். விசாவுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்தார். மாநாடு முடிந்து நான்காம் நாள் விசா வந்தது. அவர் தயாரித்த படங்களை வைத்து அங்கே நான் பேசினேன். அரங்கில் எழுந்த கேள்விகளில் இரண்டுக்கு அவரால் மட்டுமே பதில் சொல்லியிருக்க முடியும். புதிதாக ஒப்பந்தம் போடும் நாடுகள் முதல் பக்கத்திலேயே ஆய்வாளர்களின் விசாவுக்கு ஒரு கெடு குறித்து எழுதட்டும். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.