பத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: யு.கே.ஜி. படிக்கும் மகள் நூறு வரை தடங்கலின்றிச் சொல்கிறாள். ஆனால் மூன்றும் இரண்டும் எத்தனை என்றால் ஒன்றிலிருந்து விரல் எண்ணத் தொடங்குகிறாள். ஏன்? – வாசகி, விருதுநகர்

பதில்: நூறு வரை சொல்வது வரிசையை ஒப்பிப்பது. அதுவும் வேண்டும்தான். ஆனால் ஐந்துக்குள் மூன்றும் இரண்டும் இருக்கின்றன என்பதை அந்த வரிசை சொல்லித் தராது. எண்ணைப் பிரித்துச் சேர்த்துப் பழகினால்தான் அது பிடிபடும்.

ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்து, தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல, ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை கல்லில் உரசுங்கள். மகள் குலுக்கிப் போடட்டும். "வெள்ளை எத்தனை, பழுப்பு எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றும் இரண்டும் விழும், நான்கும் ஒன்றும் விழும். மொத்தம் மட்டும் மாறாது. அதை அவளே கண்டுபிடிக்கட்டும். ஐந்துமே வெள்ளையாக விழுந்தால் "பழுப்பு ஒன்றுமில்லை" என்று அதையும் கணக்கில் சேருங்கள். 0–5 முதல் 5–0 வரை ஆறு விதமாக விழலாம்.

இது பழகியதும் பழுப்புக் கொட்டைகளை உள்ளங்கையால் மூடி, "வெள்ளை ரெண்டு தெரியுது, கைக்குள்ள எத்தனை?" என்று கேளுங்கள். பார்த்ததும் சொன்னால் அந்த ஜோடி அவளுக்கு வந்துவிட்டது. தடுமாறினால் விடையைச் சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டுங்கள். எல்லா ஜோடியிலும் தடுமாறினால் நான்கு கொட்டைகளுக்கு இறங்குங்கள். ஐந்தின் ஆறு விதமும் உடனுக்குடன் வந்த பிறகே ஆறாவது கொட்டை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே வாரத்தில் பத்துக்குத் தாவுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. பத்துக்கு இப்படிப் பதினோரு விதம் உண்டு.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் விளையாடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பையன். 8 + 5 = 12 என்கிறான், 13 – 5 = 9 என்கிறான். எப்போதும் ஒன்று பிசகுகிறது. – வாசகர், திருப்பூர்

பதில்: அவனைச் சத்தமாக எண்ணச் சொல்லிக் கேளுங்கள். "எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு" என்று ஐந்து விரலை மடக்குவான். ஏற்கெனவே கையில் இருக்கும் எட்டையே முதல் விரலுக்குக் கொடுத்துவிடுகிறான். கழித்தலிலும் பதிமூன்றிலிருந்தே மடக்கத் தொடங்குவதால் ஒன்பதில் நிற்கிறான். "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்று சொல்லிக்கொடுத்தால் அன்றைய வீட்டுப்பாடம் சரியாகிவிடும். ஆனால் எண்ணிக்கொண்டே போகும் பழக்கம் அப்படியே இருக்கும்.

முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஐந்தைந்து குழியாக இரண்டு வரிசையை வெட்டியெடுங்கள். மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் மூன்று என எட்டுக் கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு குழி காலி என்பது பார்த்ததுமே தெரியும். பக்கத்தில் இன்னும் ஐந்து கொட்டைகளை வையுங்கள். இரண்டு உள்ளே போகும், மூன்று வெளியே நிற்கும். பத்தும் மூன்றும் பதிமூன்று. கழிக்கும்போது வெளியே உள்ள மூன்றை முதலில் எடுத்து, மீதி இரண்டை அட்டையிலிருந்து எடுத்தால் எட்டு நிற்கும்.

இதற்கு மூன்று விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: எட்டு பத்தாக இன்னும் இரண்டு வேண்டும், ஐந்து என்பது இரண்டும் மூன்றும், பத்தும் மூன்றும் பதிமூன்று. எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அதற்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். அனேகமாக இரண்டாவதில்தான் நிற்பார்கள். பத்தின் ஜோடிகளை மனப்பாடம் செய்யவைக்கிறோம், ஐந்து, ஆறு, ஏழைப் பிரிக்கச் சொல்லித் தருவதில்லை. 9-ஐ வைத்துக் கூட்டும் கணக்குகளில் தொடங்குங்கள். உள்ளே ஒன்றைத் தள்ளினால் போதும். 8 அதற்குப் பிறகு.

கேள்வி: விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டுமா? – வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். தடுத்தால் மேசைக்கடியில் எண்ணுவார்கள். ஏழு என்றதும் ஒரு கை முழுதும் இரண்டு விரலும் ஒரே நேரத்தில் விரியப் பழக்குங்கள். மூன்று நான்கு பொருள்வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் ஐந்தும் மிச்சமும் என்று பிரித்துப் பார்த்தால்தான் சட்டென்று பிடிபடும்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் பலர் 42 – 17 = 35 என்று எழுதுகிறார்கள். – ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று கேட்டுப் பழகியவர்கள் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த 42 நாற்பதும் இரண்டும் மட்டும்தான். முப்பதும் பன்னிரண்டும் சேர்ந்தாலும் அதே 42 என்பது இன்னும் தெரியாது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, ஒரு கட்டை மாணவரையே அவிழ்க்கச் சொல்லுங்கள். மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆயிற்று. உடனே கழிக்கப் போகாதீர்கள். இப்போது மொத்தம் எத்தனை என்று திரும்ப எண்ண வையுங்கள். பலர் வேறு எண் வரும் என்றே நினைப்பார்கள். அந்த எண்ணம் மாறாமல் முறையை மட்டும் ஏற்றினால் நிற்காது. பிறகு 42 = 30 + 12 என்று எழுதிவிட்டு, 12-இல் 7 போக 5, 30-இல் 10 போக 20; விடை 25.

ஆணிகளில் மணி கோத்து எண்ணைக் காட்டும் ஆணிமணிச்சட்டத்தை இதற்குப் பின் எடுங்கள். அதில் பத்துக்கு ஒரே மணி. அதை அவிழ்த்துப் பார்க்க வழியில்லை.

கேள்வி: 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் 12 என்று எழுதுகிறாள். – வாசகி, தஞ்சாவூர்

பதில்: சமக்குறிக்குப் பிறகு விடை எழுத வேண்டும் என்றுதான் நோட்டு முழுக்கப் பழகியிருக்கிறாள். இனி 7 = 5 + 2, 5 + 2 = 4 + 3 என்றும் எழுதிக் காட்டுங்கள். இரண்டு தட்டில் கொட்டைகளை வைத்து, ஒரு தட்டில் எட்டும் நான்கும், மறு தட்டில் ஐந்து. இரண்டு தட்டிலும் ஒரே எண்ணிக்கை இருக்கும்படி அவளே போட்டு நிரப்பட்டும். ஏழு போடுவாள். அதன் பிறகு கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.