ஆறு மணிப் பூச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

சிவகங்கைப் பக்கத்திலிருந்து அப்பா வந்து எங்களோடு மூன்று மாதம் தங்கியிருக்கிறார். நாங்கள் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். புளோக்குக்குப் பின்னாலிருக்கும் மரக்கூட்டத்தில் திடீரென்று 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். "சில்வண்டு கத்துது, இன்னும் வெயில் ஏறும் பாரு" என்றார் அப்பா. அரை மணி நேரத்தில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. "ஊர்ல ஒருநாளும் தப்பினதில்ல" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அவரைத் தேற்றுவதற்காக நானும் மகளும் இணையத்தில் தேடினோம். பூச்சி 8 விநாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி, அதோடு 5 கூட்டினால் வெப்பநிலை செல்சியஸில் கிடைக்கும் என்று போட்டிருந்தது. இரவு பத்து மணிக்குக் கீழே போய் எண்ணினோம். 31 வந்தது. அப்படியென்றால் 36 டிகிரி! கைப்பேசியோ 28 என்றது. அப்பா சொன்னதும் பொய்த்தது, கணக்கும் பொய்த்தது. கோடை என்று தனியாக ஒன்று இல்லாத இந்த ஊரில், பூச்சிச் சத்தத்தை வைத்து வானிலையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

செல்வா

அன்புள்ள செல்வா,

முதலில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தது சரியான பாடம்தான். அந்தச் சத்தம் மட்டும் வேறு இனச் சில்வண்டுடையது.

அவர் ஊர்ச் சில்வண்டு வெயிலில் பாடுவது. சித்திரை மாதத்தில் கருவேல மரத்தடியில் நின்றவர்களுக்கு அது தெரியும். பொழுது ஏற ஏறச் சத்தமும் ஏறும், மேகம் மறைத்தால் அடங்கும். பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூடு நிலையாக இருப்பதில்லை. வெளிச்சூடுதான் அதன் சூடு. தசை சூடேறினால்தான் அது வேகமாக இழுத்துப் பாட முடியும். அகநானூற்றில் 'சிள்வீடு' என்று வருவதும் இதுதான். வேர்வரை காய்ந்துபோன மரத்தில், தேர்மணி போல ஒலிக்கிறது என்று ஒரு பாட்டில் வரும். பாலை வழி எப்படி வறண்டு கிடக்கிறது என்று காட்ட அந்தப் புலவர் இந்தப் பூச்சியைக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் அப்பா சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

சில்வண்டு வாயால் கத்துவதில்லை. ஆணின் வயிற்றின் இரு பக்கமும் வரிவரியாக மடிப்பு வைத்த மெல்லிய தகடு மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் தசை அதை இழுத்தால் 'டிக்' என்று உள்வாங்கும், விட்டால் திரும்பும். தகர டப்பா மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அதேதான். ஒரு விநாடிக்குள் அதை நூற்றுக்கணக்கான முறை செய்கிறது. வயிற்றில் பெரும்பகுதி காற்று நிறைந்த வெற்றறை என்பதால் குடம் போல அதிர்கிறது. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா பக்கம் நடைபாதையில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, காகிதம் போல எடையே இல்லை.

இப்போது உங்கள் நாலரை மணிக்கு வருகிறேன். நம்முடைய காடுகளில் பொழுது சாயும் நேரத்துக்கென்றே பாடும் சில்வண்டுகள் இருக்கின்றன. மலாயா, போர்னியோ காடுகளில் நடந்தவர்கள் இவற்றை 'ஆறு மணிப் பூச்சி' என்று சொல்வதுண்டு. சிங்கப்பூரில் ஆறு மணிக்குக் காது கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே கச்சேரி ஏழு மணியை ஒட்டித்தான். பூச்சி நேரத்தை மாற்றவில்லை, நாம்தான் கடிகாரத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். 1905 முதல் 1932 வரை சிங்கப்பூர் கடிகாரம் கிரீனிச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் ஓடியது. அப்போது சூரியன் ஆறு மணியையொட்டி மறைந்தது, பெயரும் பொருந்தியது. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மூன்றரை வருடம் பூச்சி எட்டு மணிக்குப் பாடியிருக்கும்! போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்தள்ளியதுதான் இன்றைக்கும் நம் கையில் ஓடும் நேரம். இப்போது வருடம் முழுவதும் 6.50க்கும் 7.20க்கும் நடுவில் பொழுது சாய்கிறது. இத்தனை அரசாங்கங்கள் மாறியும் அந்தப் பூச்சி வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

வெளிச்சம், அதுதான் விஷயம். வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது தொடங்கிவிடும். அந்தி வந்து இறங்கியதா, கருமேகம் வந்து இறங்கியதா என்று அது பார்ப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு உங்கள் வீட்டில் விளக்கு போட்டிருந்தீர்களா? போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். மழைக்கு முன் வானம் அப்படி இருண்டிருக்கும். மதியத்துக்குப் பிறகு இந்தப் பூச்சி நேரம் தப்பிப் பாடினால் நான் ஓடிப்போய்த் துணிக்கம்புகளை உள்ளே இழுத்துவிடுவேன். பல தடவை மழை வந்திருக்கிறது, சில தடவை மேகம் சும்மா கடந்துபோயிருக்கிறது. ஆக, ஊரில் வெயிலைச் சொன்ன சத்தம் இங்கே மழையைச் சொல்லியிருக்கிறது. அப்பா கேட்டது கேட்டதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். அது அமெரிக்காவில் ஏமஸ் டால்பேர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1897இல் எழுதியது. அவர் எண்ணியது சில்வண்டை அல்ல, சுவர்க்கோழி இனத்தை. இரண்டையும் நம் ஆட்கள் ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். சுவர்க்கோழி சிறகோடு சிறகை உரசிச் சத்தம் எழுப்பும். ஒரு சிறகில் சீப்புப் பல் மாதிரி வரிசை, இன்னொன்றில் அதைச் சுரண்டும் விளிம்பு. டால்பேரின் கணக்கு பாரன்ஹீட்டில் இருந்தது. 15 விநாடியில் எண்ணி 40 கூட்ட வேண்டும். உங்கள் மகள் போட்டது அதன் செல்சியஸ் வடிவம். கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் அது ஒரே ஓர் இனத்துக்கு உரியது. வட அமெரிக்காவில் மரத்தில் வாழும் வெளிர்நிறச் சுவர்க்கோழி அது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டுசொன்னார்கள். அவை பல சேர்ந்து ஒரே தாளத்தில் பாடுவதால் எண்ணவும் வசதி. உங்கள் புளோக்குக்குக் கீழே இருப்பது வேறு இனம், அதன் தாளம் வேறு. அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் எழுத்து மங்கத்தான் செய்யும்.

உங்கள் பூச்சிக்கும் ஒரு கணக்கு உண்டு, அதை நீங்கள்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்துப் பூந்தொட்டிக்கு அடியில் ஒன்று குடியிருந்தது. சாதாரண இரவில் 15 விநாடிக்கு 40ஐத் தொடும். 2018 ஜனவரியில் தொடர்மழையோடு குளிர் வந்ததே, 22 டிகிரிக்கும் கீழே இறங்கியதே, நினைவிருக்கிறதா? நான் இரவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்து எண்ணினேன். 30ஐத் தாண்டவில்லை. பாட்டு கனத்துப்போய், ஒவ்வொரு 'கிரீச்'சும் தனித்தனியாக விழுந்தது. அந்த ஒரு வாரம்தான் எனக்குக் கிடைத்தது. இந்த ஊரில் பதிவான வெப்பநிலை முழுவதும் 19க்கும் 37க்கும் இடையில் அடங்கிவிடும். சாதாரண நாளில் இரவு 25, பகல் 31 அல்லது 32. பூச்சியின் தாளம் பெரிதாக மாற இடமே இல்லை.

ஒன்று செய்யலாம். இங்கே மாதத்துக்கு மாதம் மாறாத சூடு, இடத்துக்கு இடம் மாறும். கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் விடும். நகர நடுவுக்கும் ஓரத்துக் காட்டுப்பகுதிக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். ஒரே இனப் பூச்சியைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலும் மரத்தடியிலும் மகளை எண்ணச் சொல்லுங்கள். வேறுபாடு வந்தால் அவளே கண்டுபிடித்ததாக இருக்கும். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பெண் பூச்சியின் காதும் சூட்டோடு சேர்ந்தே மாறுகிறது. சில இனங்களில், குளிர்ந்த இரவில் பெண் தேடிப்போவது மெதுவான பாட்டைத்தான்.

ஆனால் சத்தம் நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்கள் பேட்டையில் புல் வெட்டும் ஆட்கள் வந்துபோன அன்று இரவு ஒரு கிரீச் கேட்காது. கொசுப் புகை போட்டால் இன்னும் மோசம், நாள்கணக்கில் ஊமையாகக் கிடக்கும். அது வானிலை இல்லை, நம் கைவேலை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. டெங்கி பயம் இருக்கும் ஊரில் புகையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூச்சி இல்லாத இரவு வசதியானது என்று யாராவது சொல்லும்போது பேசாமல் இருக்கவும் என்னால் முடிவதில்லை.

அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்பதை அப்பா கட்டாயம் சொல்லியிருப்பார். அதை இங்கேயும் நம்பலாம். மண் நனைந்து இளகி, காற்று ஈரமாக இருந்தால்தான் சிறகு முளைத்த கறையான்கள் வெளியே வரும். காய்ந்த காற்றில் அவை தாங்காது. ஆறாவது மாடி விளக்குக்கும் அவை வரும், சன்னலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நாள் அவரை ஹில்வியூ பக்கம் பழைய ரயில் தடத்துக்குக் கூட்டிப்போங்கள். 2011 வரை மலாயா ரயில் ஓடிய தடம், இப்போது நடக்கத் தோதாக மண்பாதை. 6.45க்குப் போய் நின்றுகொள்ளுங்கள். முதலில் ஒன்று தொடங்கும், அது நின்றதும் தூரத்தில் இன்னொன்று, அப்புறம் சாலைச் சத்தமே கேட்காது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள். அதுவரை, நாலரை மணிக்குச் சத்தம் கேட்டால் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்
அக்கா