காவடி வேட்டியின் மஞ்சள் ஏன் நிற்பதில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவர் கேட்கிறார்: "காவடிக்குப் பருத்தி வேட்டிகளை மஞ்சளில் நனைக்கிறேன். இரண்டு துவையலில் வெளுத்துவிடுகிறது. உப்பு, வினிகர் போட்டும் பயனில்லை. குரோம் போடச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கெடுக்காத வழி உண்டா?"

குரோமை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்த ஆரஞ்சுப் படிகம் புற்றுநோய் வரவழைப்பது. மயில்துத்தமும் வேண்டாம், மீனுக்கு நஞ்சு. உப்பும் வினிகரும் பருத்தியில் சாயத்தைப் பிடித்து வைப்பதில்லை. சோப்பின் காரத்தில் சிவந்துபோன மஞ்சளைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரத்தான் வினிகர் உதவும்.

குறை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. தைப்பூசம் வேறு இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. சாயத்தைத் துணியில் பிடித்துவைக்கும் நிறமூன்றி எதைப் போட்டாலும் அதை முழுசாகக் காப்பாற்ற முடியாது. ஒருநாள் உடுத்த மஞ்சள் போதும். வருடக்கணக்கில் வேண்டுமென்றால், பூமாலைகளில் மிஞ்சும் செண்டுமல்லிக்கு மாறுங்கள்.

இதற்கு நிறமூன்றி படிகாரம். ஆனால் பருத்தியில் அது தனியாகச் சரியாக ஒட்டாது. முதலில் துணியில் துவர்ப்பு (டானின்) ஏற வேண்டும். அரைக் கிலோ துணியைச் சலவை சோடாவில் கொதிக்கவைத்து அலசுங்கள். 100 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து, நிழலில் காயவையுங்கள். கடுக்காய் கிடைக்காவிட்டால் மாதுளைத் தோல். துவர்ப்பு ஏறியதா என்று பார்க்க, ஓரத்தில் துரு ஆணி ஊறிய தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று கருத்தால் ஏறிவிட்டது. அப்புறம் 75 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் இரண்டு மணி நேரம். கடைசியாக, துணியின் எடைக்குச் சமமாகக் காய்ந்த இதழ்களை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்த சாற்றில் துணியை ஊறவிடுங்கள்.

காவி வேண்டுமா? கடுக்காய்க்குப் பதில் வாட்டில் மரப்பட்டை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நம் குவாசூலு நட்டால் மாகாணத்தின் ஓடைக்கரைகளில் பரவித் தண்ணீரை உறிஞ்சும் மரம் அது. பட்டை தோல் பதனிடப் போகிறது. வெட்டிப்போட்ட மரத்தில் உரித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதன் செம்பழுப்பு துணியில் ஏறிவிடும், பளிச்சென்ற மஞ்சளுக்கு ஆகாது.

படிகாரத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பாதியளவு புதுப் படிகாரம் சேர்த்தால் அடுத்த வேட்டிக்கும் ஆகும்.