ஒரே வீட்டில் இருப்பவர்கள்: சமகால நாவல்கள் பற்றிய கேள்வி பதில்

கே: சேர்ந்து வாழ்வதைப் பற்றிய உலக நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

ப: சயாகா முராதாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்'. 2016இல் ஜப்பானின் அகுதகாவா பரிசு பெற்ற சிறிய நாவல். கதைச்சுருக்கம் கேட்டுவிட்டு வராதீர்கள்.

கே: அதில் நாயகி கெய்கோ, தன்னோடு கடையில் வேலை பார்த்த ஷிராஹாவை ஏன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள்? காதலே இல்லையே?

ப: கெய்கோவுக்கு வயது 36. கல்யாணம் இல்லை, 18 வருடமாக ஒரே கடையில் பகுதிநேர வேலை. சுற்றியிருப்பவர்களுக்கு அது உறுத்துகிறது. அவர்கள் வாயை அடைக்கத்தான் அவன். குளியலறையில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறாள். உண்மை தெரிந்து தங்கை அழுகிறாள். உடனே ஷிராஹா, பழைய காதலியைப் பார்த்ததால் வந்த சண்டை இது என்று பொய் சொல்கிறான். தங்கைக்கு நிம்மதி! அவளுக்குப் புரிகிற சண்டையாகிவிட்டது அல்லவா? அந்த நிம்மதி என்னை நடுங்க வைத்தது.

கே: எந்த நூலில் ஆரம்பிக்கலாம்?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'மரக்கறி' நாவலில் கறியை விட்டுவிடும் நாயகி யோங்-ஹேவுக்குப் பைத்தியம்தானே? கறி சாப்பிடாததற்கு யாராவது மணிக்கட்டை அறுத்துக்கொள்வார்களா?

ப: கறி சாப்பிடாததற்காக அறுத்துக்கொள்ளவில்லை. குடும்பமே பார்த்திருக்க அப்பா அறைந்து, வாயில் கறியைத் திணித்த பிறகு.

கே: கணவன் பாவம் இல்லையா? அவன் என்ன கொடுமை செய்தான்?

ப: முதல் பகுதியைச் சொல்வதே அவன்தான். விசேஷமாக எதுவும் இல்லாதவள் என்பதால் கட்டிக்கொண்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறான். குடித்துவிட்டு வந்து அவளைப் பலவந்தப்படுத்துவதையும் அவனே சொல்கிறான். அவன் குரலிலேயே கேட்பதால்தான் உங்களுக்குப் பாவமாக இருக்கிறது. இரண்டாம் பகுதி அக்கா கணவனின் பார்வை, மூன்றாவது அக்கா இன்-ஹேயின் பார்வை. யோங்-ஹேவுக்குக் கிடைப்பது சில கனவுத் துண்டுகள் மட்டும். வீட்டில் யாருமே அவளைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. நாவலின் அமைப்பே அதைச் செய்து காட்டுகிறது. கதைச்சுருக்கத்தில் இது காணாமல் போய்விடும்.

கே: அப்படியானால் அக்காவும் குற்றவாளியா?

ப: அப்பாவின் அடி முழுவதும் தங்கை மேல் விழுந்தபோது, தான் பொறுப்பான மூத்த பெண்ணாக இருந்து தப்பித்ததை அவளே உணர்கிறாள். எல்லோரும் கைவிட்ட பிறகும் மருத்துவமனைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியாது.

கே: இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெர்ரான்தேயின் நேப்பிள்ஸ் நாவல்களில் மூன்றாம் பாகம் மட்டும் கிடைத்தது. படிக்கலாமா?

ப: வேண்டாம். நான்கையும் வரிசையாகப் படியுங்கள். கதையின் தோழிகள் லீலாவும் எலெனாவும் (எழுத்தாளர் அல்ல, பாத்திரம்) ஒருத்தி பொம்மையை ஒருத்தி நிலவறைக்குள் போட்ட பிள்ளைகள் என்று தெரியாமல் அவர்கள் நட்பு பிடிபடாது.

கே: யூடியூபில் கதை கேட்டால் போதாதா?

ப: போதாது. இதற்கு மேல் இந்தக் கேள்வி வேண்டாம்.

கே: நானும் என் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. என்ன நாவல் படிக்கலாம்?

ப: இதற்கு நாவல் சொல்ல மாட்டேன். இருவரும் ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள்.