குழாய் போட்ட கையில் ரத்தம் உறைந்தால் குழாயை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. வலது கையில் பிக் லைன் (கைச் சிரை வழியாக மருந்து செலுத்தும் நீண்ட மெல்லிய குழாய்) போட்டு மூன்று வாரம் ஆகிறது. நான்கு நாளாகக் கை வீங்கி, தோள் வரை கனமாக இருக்கிறது என்றான். டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் அக்குள் பக்கத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதாம். டாக்டர் குழாயை எடுக்கவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்னாக்ஸாபாரின் ஊசியைப் பாதி அளவில் தொடங்கியிருக்கிறார். தட்டணு 42,000தான் இருக்கிறது. தட்டணு இவ்வளவு குறைந்தவனுக்கு ரத்தம் எப்படி உறையும்? இந்த ஊசியால் ரத்தம் கொட்டாதா? இத்தனைக்கும் காரணமான குழாயை உள்ளேயே விட்டுவைப்பது சரியா?

பதில்: உங்களை அதிகம் அரிப்பது கடைசிக் கேள்விதான், அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குழாயை விட்டுவைத்ததும் சரி, பாதி அளவு ஊசியும் சரி. உங்கள் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். ஆனாலும் காரணம் புரிந்தால்தான், அடுத்த வாரம் தட்டணு ஏறும்போதோ இறங்கும்போதோ அவர் மருந்தின் அளவை மாற்றினால் நீங்கள் பதறாமல் இருப்பீர்கள்.

பிக் லைன் முழங்கைக்கு மேலே உட்பக்கச் சிரையில் நுழைகிறது. அக்குள் வழியாக, காரை எலும்பின் அடியில் புகுந்து, மேற்பெருஞ்சிரை இதயத்தில் சேரும் இடத்தில் அதன் நுனி நிற்கிறது. அங்கே ரத்தம் வெள்ளமாகப் பாய்வதால், கைச் சிரையைப் புண்ணாக்கிவிடும் கீமோ மருந்துகள்கூட நொடியில் கலந்து நீர்த்துவிடும். இந்தப் பாதையை முதலில் தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டியவர் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரத்து இளம் டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929-இல் சிறுநீர்ப் பாதைக்கான குழாய் ஒன்றைத் தன் கைச் சிரைக்குள் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், நுனி இதயத்தை எட்டியிருப்பதைப் படம்பிடித்தார். 1956-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் தம்பிக்கு மருந்து போவது அதே வழியில்தான்.

அந்த வழியில் ரத்தம் ஏன் உறைகிறது? ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 19-ஆம் நூற்றாண்டில் செய்த ஆய்வுகளையொட்டி மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள்: ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்ந்திருப்பது. தம்பிக்கு மூன்றும் ஒன்றுகூடியிருக்கின்றன. சிரைக்குள் ஒரு குழாய் படுத்திருந்தால் ரத்தம் போக இடம் குறைகிறது. குழாயின் பருமன் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். கையை அசைக்கும்போதெல்லாம் குழாய் உள்சுவரில் உரசுகிறது. மூன்றாவது காரணம் நோயும் அதன் சிகிச்சையும். இந்த வகை லுக்கேமியாவில் அஸ்பாரஜினேஸ் என்ற மருந்து பெரும்பாலும் கட்டாயம் இருக்கும். அது கல்லீரல் சில புரதங்களைச் செய்வதைக் குறைத்துவிடும். அவற்றில் ஒன்று ஆன்டித்ராம்பின், நம் ரத்தத்துக்கு இயல்பாகவே இருக்கும் பிரேக். பிரேக் தளர்ந்தால் உறைதல் கட்டுமீறிப் போகும்.

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ரத்தம் உறைவதற்கு இரண்டு தரப்பு வேலை செய்கிறது. தட்டணுக்கள் ஓட்டையை முதலில் அடைக்கும் கற்கள் என்றால், உறைதல் புரதங்கள் கடைசியில் உண்டாக்கும் ஃபைப்ரின் நூல்கள் அவற்றைப் பிணைக்கும் வலை. சிரையில் உண்டாகும் உறைகட்டியில் வலைக்குத்தான் பெரிய பங்கு. கற்கள் குறைந்தாலும் வலை பின்னப்படும். ஆகவே தட்டணு குறைந்தவருக்கு உறைகட்டி வராது என்ற நம்பிக்கை தவறு; நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான் இது. ஒரே ஆளுக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும், அதே நேரத்தில் கையில் சிரை அடைத்திருக்கும்.

இனி குழாய் விஷயம். எடுத்துவிட்டால் பிரச்சினை போய்விடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் குழாயை உருவுவதால் சிரையில் ஒட்டியிருக்கும் உறைகட்டி கூடவே வந்துவிடாது. அதற்கு மருந்து வேண்டியதுதான். கீமோ தொடர வேண்டுமென்றால் மறு கையிலோ கழுத்திலோ இன்னொரு குழாய் போட்டாக வேண்டும், அங்கேயும் உறையும் வாய்ப்பு ஏற்கெனவே இருந்ததைவிட அதிகம். நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு நல்ல சிரைகள் என்பது எண்ணிச் செலவழிக்க வேண்டிய சொத்து. அதனால் குழாய் இன்னும் தேவைப்படுகிறதா, ஒழுங்காக வேலை செய்கிறதா, நுனி சரியான இடத்தில் இருக்கிறதா, கிருமித் தொற்று இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். நான்குக்கும் ஆம் என்றால் குழாயை வைத்துக்கொண்டே மருந்து கொடுப்பதுதான் இன்றைய நடைமுறை. ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், மருந்து கொடுத்தும் வீக்கமும் வலியும் கூடிக்கொண்டே போனாலும், ரத்தப்போக்கு பயத்தால் மருந்தே கொடுக்க முடியாமல் போனாலும் எடுக்க வேண்டியதுதான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்த நான்கையும் நீங்களே கேளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து என்ற பெயரே பயத்தைக் கிளப்புகிறது. உண்மையில் ரத்தம் அதே கெட்டியில்தான் இருக்கும். என்னாக்ஸாபாரின் செய்வது, மேற்கொண்டு ஃபைப்ரின் உண்டாகாமல் தடுப்பது. இருக்கும் கட்டியை அது கரைப்பதும் இல்லை. வளராமல் நிறுத்தி வைத்தால் நம் உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அதனால்தான் நாளைக்கே வீக்கம் வடியாது. நான்கைந்து நாளில் கனம் குறையும், முழுதாக வடியச் சில வாரங்கள் ஆகலாம்.

பாதி அளவு ஏன்? முழு அளவு என்பது வழக்கமாக எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. தட்டணு 50,000-க்கு மேல் இருந்தால் அப்படியே கொடுக்கலாம். 25,000-க்கும் 50,000-க்கும் இடையில், குழாய் காரணமாகக் கையில் வந்த உறைகட்டி போன்ற, ஆபத்து ஒப்பளவில் குறைந்தவற்றுக்கு அளவைப் பாதியாக்குவோம். 25,000-க்குக் கீழே போனால் பெரும்பாலும் நிறுத்தி வைத்துவிட்டு, ஏறியதும் மறுபடி தொடங்குவோம். கட்டி பெரியதாகவோ நுரையீரலுக்குப் போனதாகவோ இருந்தால் கதை வேறு. அப்போது தட்டணு ஏற்றியாவது முழு அளவு கொடுக்கப் பார்ப்போம். 42,000 என்பது நடு அடுக்கு. ரத்தம் கசியும் ஆபத்து அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆபத்தையும் கட்டி வளரும் ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்த்து எடுத்த அளவு இது. இந்த எண்கள் உங்களுக்குப் புரிவதற்காகத்தான். வீட்டில் நீங்களாக ஒரு வேளை ஊசியைக்கூடக் கூட்டவோ விடவோ வேண்டாம்.

ஒரு நுணுக்கம். என்னாக்ஸாபாரின் உட்பட ஹெப்பாரின் வகை மருந்து எல்லாமே ஆன்டித்ராம்பின் வழியாகத்தான் வேலை செய்யும். அஸ்பாரஜினேஸ் அதையே குறைத்திருந்தால் ஊசியின் வீரியமும் குறையலாம். ஊசி போட்டும் கை வீங்கிக்கொண்டே போனால் ஆன்டித்ராம்பின் அளவையோ, ஊசி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி டென்-ஏ அளவையோ பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். அஸ்பாரஜினேஸ் ஃபைப்ரின் நூலுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனையும் குறைக்கும், அது ரத்தக் கசிவின் பக்கம் இழுக்கும். ஆக, தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

மாத்திரைக்கு மாறலாமா என்று யாராவது கேட்பார்கள். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் நல்ல மருந்துகள், புற்றுநோயாளிகளுக்கும் கொடுக்கிறோம். ஆனால் லுக்கேமியா சிகிச்சையில் பூஞ்சைத் தொற்றுக்கென்று கொடுக்கும் போசகோனசோல், வோரிகோனசோல் போன்றவை இவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே போனதா இல்லையா என்றே தெரியாது. தட்டணு தினம் ஏறி இறங்கும் இந்தக் கட்டத்தில், அளவைச் சட்டென்று மாற்ற முடிகிற ஊசியே எனக்கு நிம்மதி. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மட்டும் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இதை மறக்கவே வேண்டாம்: இந்த நோய்க்கு முதுகுத் தண்டில் ஊசி குத்தி மருந்து செலுத்துவார்கள். முழு அளவு என்னாக்ஸாபாரின் போடுபவருக்கு அதற்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பாதி அளவில் இருப்பவருக்கு எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். தேதி குறித்ததும், "உறைவுக்கு ஊசி போகிறது, எப்போது நிறுத்தட்டும்?" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். வெவ்வேறு ஆட்கள் பார்க்கிற வார்டில் இது யார் காதுக்கும் எட்டாமல் போக வாய்ப்புண்டு.

அப்புறம், குழாயைப் பார்த்துக்கொள்வது. உறைவுள்ள கையைத் தேய்த்துவிடவோ பிடித்துவிடவோ வேண்டாம். ரத்த அழுத்தப் பட்டையை மறு கையில் கட்டச் சொல்லுங்கள். அதற்காகக் கையை மரம் போல வைத்திருக்கவும் வேண்டாம். விரலை மடக்கி விரிப்பது, படுக்கும்போது தலையணை மேல் உயர்த்தி வைப்பது நல்லது. முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கைகளின் சுற்றளவையும் தினம் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். "கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு" என்பதைவிட அந்த எண் எங்களுக்குப் பத்து மடங்கு உதவும்.

குழாயைக் கழுவ சலைன் (உப்பு நீர்) செலுத்துவது 10 மில்லி சிரிஞ்சில்தான் இருக்க வேண்டும். சிறிய சிரிஞ்ச் குழாய்க்குள் அதிக அழுத்தம் கொடுக்கும், குழாய் பிளந்துவிடலாம். ஒரே மூச்சில் தள்ளாமல் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளினால் உள்ளே சுழல் உண்டாகி ஒட்டியிருப்பதைக் கழுவிவிடும். தடை தெரிந்தால் முக்கித் தள்ளக் கூடாது. ஒரு நாள் காலை வார்டில் ஒரு பெண்ணுக்கு மருந்து உள்ளே போகிறது, ரத்தம் இழுத்தால் வரவில்லை. எல்லாரும் அடைத்துவிட்டது என்றார்கள். பழக்கப்பட்ட நர்ஸ் ஒருவர் அவரைத் தலையை மறுபக்கம் திருப்பச் சொன்னார், கையைத் தோளுக்கு மேலே தூக்க வைத்தார், இருமச் சொன்னார். சிரிஞ்சுக்குள் நூல் மாதிரி ரத்தம் ஏறியது. நுனி சிரைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியும் வராவிட்டால் நுனியில் ஃபைப்ரின் உறை படிந்திருக்கலாம். உறைவைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை 2 மில்லிகிராம் குழாய்க்குள் நிரப்பி அரை மணி முதல் இரண்டு மணி நேரம் விட்டால் பல சமயம் திறந்துவிடும். அதற்காகவும் குழாயை எடுக்க வேண்டியதில்லை.

எதற்கு உடனே ஓட வேண்டும்? 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அல்லது சலைன் செலுத்திய அரை மணிக்குள் குளிர் நடுக்கம் வந்தால் இரவு என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். வெள்ளணு குறைந்தவருக்குக் குழாய்த் தொற்று மணிக்கணக்கில் முற்றும். பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். திடீரென மூச்சு வாங்குதல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தல், முகமும் கழுத்தும் வீங்குதல், கறுப்பாக மலம் போதல் எதுவானாலும் அப்படித்தான். அஸ்பாரஜினேஸ் பெறுபவருக்கு விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் மூளைச் சிரையில் உறைவோ என்று நினைத்தே பார்க்க வேண்டும். முதுகில் ஊசி போட்ட தலைவலியாக இருக்கும் என்று தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம்.

எவ்வளவு நாள் ஊசி? குறைந்தது 3 மாதம், குழாய் அதற்கு மேலும் இருந்தால் அது இருக்கிற வரைக்கும். கடைசியில் குழாயை எடுக்கும் நாளில் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக உருவி, அந்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்துக் காற்றுப் புகாமல் ஒட்டுவார்கள். எடுத்த குழாயை அளந்து, போட்ட அன்று குறித்த நீளத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள், உள்ளே துண்டு எதுவும் தங்கவில்லை என்பதற்காக. அந்த நீளமும், தோலுக்கு வெளியே தெரியும் சென்டிமீட்டர் எண்ணும் தம்பியின் கோப்பில் எங்காவது எழுதியிருக்கும். இன்றைக்கே கேட்டு உங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை ஒட்டுப்பட்டை மாற்றும்போது வெளியே தெரியும் எண் மாறியிருந்தால், நுனி இடம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே பார்க்காமல் அதில் அடுத்த கீமோ ஏற்ற விடாதீர்கள்.